உயிருள்ளோர் திரி

ஹிண்டே எல்லாவற்றுக்கும் பேரம் பேசுவாள். முட்டைக்கோசு வண்டிக்காரன் அவள் முற்றத்து வாசலில் நிற்பதைக் கண்டால், தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, பார்க்காதவன்போல் கடந்து போக முயல்வான். அவள் விடமாட்டாள். ஆனால் எங்கள் யூத ஆண்டின் கடைசி மாதமான எலுல் பிறந்த முதல் திங்கட்கிழமை, கித்தாய்ஸ்கயா தெருக்கோடியில் உள்ள நூல்கடையில் வெள்ளைப் பருத்தி நூல் பன்னிரண்டு உருண்டை வாங்கும்போது மட்டும், கடைக்காரர் சொன்ன விலையை வாய் திறவாமல் கொடுத்துவிடுவாள். இறந்தவர்களுக்காக வாங்கும் நூலுக்குப் பேரம் பேசுவதில்லை என்பது அவள் தாய் வழி வந்த வழக்கம்.

அவள் பேரம் பேசாத பொருள் இன்னும் ஒன்று உண்டு. கிழக்குப் பாதையில் உள்ள யிமியான்போ என்னும் சிறிய ரயில் நிலையத்திலிருந்து ஆண்டுதோறும் ஒரு கட்டித் தேன்மெழுகு, ரயில் கார்டின் கையில் வந்து சேரும். அதற்கு அவள் விலை கொடுத்தும் நான் பார்த்ததில்லை, அனுப்புவது யார் என்று சொல்லியும் கேட்டதில்லை. எதிர்வீட்டில் பதினெட்டு ஆண்டுகள் குடியிருந்த நான், எங்கள் சமூகப் பள்ளியில் பிள்ளைகளுக்கு அலேஃப் பேத் என்று எழுத்துச் சொல்லிக்கொடுத்தவன். கேள்வி கேட்பதே தொழிலாக இருந்தும் அந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றவில்லை.

நூலும் மெழுகும் எதற்கு என்பதை ஹார்பின் நகரில் எங்கள் பெண்கள் எல்லாரும் அறிவார்கள். புத்தாண்டுக்கு முந்தைய வாரத்தில் ஹிண்டே கல்லறைத் தோட்டத்துக்குப் போவாள். ஒவ்வொரு கல்லறையையும் நூலால் சுற்றி அளந்து, அந்த நூலைத் திரும்பவும் உருண்டையாகச் சுற்றி எடுத்து வருவாள். பிறகு, பாவமன்னிப்பு நாளுக்கு முன்பாக, அந்த நூலைத் துண்டு துண்டாக நறுக்கி இரண்டு பெரிய மெழுகுவர்த்திகளுக்குத் திரி அடுக்குவாள். இறந்தோர் திரி தொழுகைக்கூடத்தில் எரியும். உயிருள்ளோர் திரி வீட்டில் எரியும். ஒவ்வோர் இழையும் ஒரு பெயருக்கு. உயிருள்ளவர்களைத் தாயின் பெயரோடு சேர்த்து அழைக்க வேண்டும். இறந்தவர்களைத் தந்தையின் பெயரோடு.

ஹிண்டேக்கு எழுத்து தெரியாது. பெயர்களை நோட்டிலிருந்து படிப்பவள் அவள் மருமகள் நெஹமா. ஹிண்டே திரி அடுக்கும்போது தன் போக்கில் சொல்லும் வேண்டுதல்களையும் நெஹமா அந்த நோட்டில் எழுதி வைத்திருந்தாள். அச்சில் வந்த எந்தப் பிரார்த்தனைப் புத்தகத்திலும் அவை கிடையா. "சாரா தாயே, உன் கணவன் உன் பிள்ளையைப் பலிபீடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனபோது உன்னை யாரும் கேட்கவில்லை. எங்கள் பிள்ளைகளை எடுப்பதற்கு முன் எங்களை ஒரு வார்த்தை கேட்கும்படி கடவுளிடம் சொல்" என்று தொடங்கும் முதல் வேண்டுதலைக் கேட்டு அழாத பெண் எங்கள் பிரிஸ்தான் பகுதியில் இல்லை.

உயிருள்ளோர் பக்கத்தில் நெஹமாவின் கையெழுத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு பெயர் இருந்தது: ஹிண்டேயின் மகன் ஸெலிக். கல்யாணம் ஆன எட்டாம் மாதம், எல்லைக்கு அப்பால் நடந்த உள்நாட்டுப் போரில் சீத்தா நகரில் சிக்கிக்கொண்ட நெஹமாவின் பெற்றோரை அழைத்து வரப் புறப்பட்டவன். அவர்கள் ஒருவழியாக வந்து சேர்ந்து, இங்கேயே இறந்தும் போனார்கள். அவன் வரவில்லை. கடிதமும் இல்லை, பிணமும் இல்லை. கணவன் இறந்ததற்குச் சாட்சி இல்லாதவள் எங்கள் சட்டத்தில் மனைவியாகவே இருந்தாக வேண்டும். இருபத்திரண்டு வயதில் அப்படி நின்றவள், இப்போது முப்பத்து நான்கு வயதில், ஜன்னலோரம் உட்கார்ந்து உரோம அங்கிகளுக்கு உள்துணி தைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஆண்டுதான் சுங்காரி ஆறு ஊருக்குள் வந்தது. ஆகஸ்டு மாதத்தில் தெருக்களில் படகு ஓடியது. எங்கள் முற்றத்தில் ஜன்னல் சட்டம் வரைக்கும் நீர் ஏறியது. ஹிண்டேயின் ஊறுகாய்ப் பீப்பாய்கள் ஒவ்வொன்றாக மிதந்து வாசலைத் தாண்டிப் போனதை நான் மாடிப்படியில் நின்று பார்த்தேன். மூக்குக்கண்ணாடி செய்யும் மெயிர் ஒரு படகோடு வந்து எங்களை ஏற்றினார். மனைவியை இழந்தவர், நாற்பது வயது, வேடிக்கையாகப் பேசுவார். தையல் இயந்திரத்தை முதலில் ஏற்றிவிட்டு, ஹிண்டேக்குக் கை நீட்டினார். அவளோ தன் தகரப் பெட்டியை நெஹமாவிடம் கொடுத்து, "மடியில வெச்சுக்கோ. நூல் பொட்டி. நனைஞ்சுடப் போவுது" என்றாள்.

"ஊரே முழுகுது, இந்தம்மாவுக்கு நூல் நனையக் கூடாதாம்" என்றார் மெயிர்.

"நீ துடுப்பைப் போடுய்யா. உன் கண்ணுக்கு நீயே ஒரு கண்ணாடி மாட்டிக்கோ, எதிர்ல தந்திக் கம்பம் வருது."

வெள்ளம் வடிந்து, காலரா வந்து, அதுவும் ஓய்ந்தபின் மெயிர் என்னைத் தேடி வந்தார். கடை போய்விட்டது, பண்டிகைகள் முடிந்ததும் தெற்கே தியென்ஸின் நகருக்குப் போகிறார், நெஹமாவை மணந்து அழைத்துப்போக விரும்புகிறார். "கேக்கவே பயமா இருக்கு வாத்தியாரே. நெஹமா 'சரி'ன்னு சொன்னாலும் சட்டம் சொல்லாதே" என்றார். நெஹமாவைக் கேட்டேன். ஊசியில் நூல் கோத்தபடி இருந்தவள், கோத்த நூலை உருவி, மறுபடியும் கோத்தாள். பிறகு, "நானே போய்க் கேக்கறேன்" என்றாள்.

சமூகத்தின் வழக்குகளைத் தீர்க்கும் முதியவர்கள் மூவரிடம் போனாள். அவர்கள் இரக்கத்தோடுதான் பேசினார்கள். ஒரே ஒரு சாட்சி போதும், ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும் சரி, "செத்ததைப் பார்த்தேன்" என்று ஒருவர் வந்து சொன்னால் அன்றைக்கே விடுதலை என்றார்கள். ஆனால் அந்த ஒருவர் வேண்டும்.

அன்று பிற்பகல் ஹிண்டேயின் வீட்டில் நூல் உருட்டிக்கொண்டிருந்தார்கள். சுவரில் இடுப்பளவு உயரத்தில் வெள்ளத்தின் பழுப்புக் கோடு இன்னும் ஈரமாக இருந்தது. நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன்; பக்கத்து வீட்டுப் பெஸ்ஸியாவும் வந்திருந்தாள். அவள் வாய்க்கு முற்றத்து நாய்களும் பயப்படும்.

"ஒரு சாட்சியாம், ஒண்ணே ஒண்ணாம்! ஊர்ல ஒருத்தி தும்மினா ஒம்பது பேர் பார்த்தேன்னு சொல்றாளுவ. இந்தப் பொண்ணுக்கு மட்டும் ஒருத்தி கிடைக்கலியே" என்றாள் பெஸ்ஸியா.

"அவன் செத்தாத்தானே சாட்சி கிடைக்கும்?" என்றாள் ஹிண்டே, தலை நிமிராமல்.

"அக்கா, பன்னெண்டு வருஷம்!"

"பதினஞ்சு வருஷம் கழிச்சு வந்தவனும் இருக்கான்."

"இருக்கான், இருக்கான். வந்து பார்த்தா கூட ரெண்டு பிள்ளையும் ஒரு புதுப் பெண்டாட்டியும் இருக்கும்."

நெஹமா சிரித்துவிட்டாள். சிரித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல், "வாத்தியாரே, சும்மா உக்காந்திருக்கீங்களே, ஒரு கதை சொல்லுங்க" என்றாள் பெஸ்ஸியா.

கதை கேட்டால் எனக்கு மறுக்கத் தெரியாது. தைகா காட்டில் ஓர் அணில், பைன் காய் ஒன்றை மண்ணுக்குள் புதைத்து வைத்திருந்தது. தினமும் அந்த இடத்துக்குப் போய் நிற்கும், தோண்டிப் பார்க்காது. பக்கத்து மரத்து அணில் வந்து, "பனி விழுகிறது, பசிக்கிறது, எடுத்து இருவரும் தின்னலாமே" என்று கெஞ்சும். "பொறு" என்று சொல்லி அனுப்பிவிடும். குளிர்காலம் முழுவதும் அப்படியே காத்தது. வசந்தம் வந்தபோது அந்த இடத்தில் ஒரு பைன் கன்று முளைத்திருந்தது. பொறுத்தவர்க்குக் காய் மரமாகும் என்று நான் முடித்தேன். நெஹமாவுக்கு ஆறுதலாக இருக்கும் என்பதே என் எண்ணம்.

ஹிண்டே நூல் உருட்டுவதை நிறுத்தினாள். "அந்தப் பக்கத்து மரத்து அணில் என்ன ஆச்சு?"

"அதைப் பத்தி நான் யோசிக்கலே" என்றேன்.

"யோசிச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டு, உருண்டையைக் கீழே வைத்து எழுந்து போனாள்.

"இவ்வளவு நல்லா ஒரு கதையைக் கெடுக்க இவளாலதான் முடியும்" என்றாள் பெஸ்ஸியா.

கல்லறைத் தோட்டத்துக்கு ஹிண்டேயையும் நெஹமாவையும் நான் வண்டியில் அழைத்துப்போனேன். மேகம் தாழ்ந்து, காற்றில் சேறும் அழுகிய இலையும் மணத்தன. தாழ்ந்த பக்கத்தில் இன்னும் நீர் தேங்கியிருந்தது. ஹிண்டே கல்லறைகளைச் சுற்றி நடந்தாள். நெஹமா உருண்டையைப் பிடித்துக்கொண்டு நூலை விட்டுக்கொடுத்தாள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஹிண்டே அந்தப் பெயரோடு இரண்டு வார்த்தை பேசுவாள். பால்காரர் யோய்னாவிடம், "இப்பவாவது தண்ணி கலக்காம இரு" என்றாள். நான் பாதையோரம் நின்றிருந்தேன்.

காலராவில் போன ஒரு பெண்ணின் புதிய மண்மேட்டுக்கு வந்தார்கள். பத்தொன்பது வயது, கல் இன்னும் நடவில்லை. ஹிண்டே பாதிச் சுற்று வந்தபோது நெஹமா மெல்லிய குரலில் பேசினாள்.

"இந்தப் பொண்ணுக்கு ஒரு குழியாவது இருக்கு அத்தை. சுத்தி வர ஒரு இடம். எனக்கு அது இருந்தா சுத்தி வந்து, முடிச்சுப் போட்டு, அழுது தீர்த்துட்டுப் போயிருப்பேன். பன்னெண்டு வருஷமா உருண்டையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். நூல் எங்க போவுதுன்னே தெரியலே."

ஹிண்டேயின் கையிலிருந்து நூல் நழுவிச் சேற்றில் விழுந்தது. அவள் கையால் நூல் விழுந்து நான் பார்த்ததேயில்லை. குனிந்து எடுத்தாள். மீதிக் கல்லறைகளையெல்லாம் ஒரு வார்த்தையும் பேசாமல் அளந்தாள்.

வீட்டு வாசலில் கை கழுவிக்கொண்டு உள்ளே போனோம். தேநீர் குடித்துவிட்டுப் போகும்படி நெஹமா என்னை நிறுத்தினாள். ஹிண்டே மேலங்கியைக்கூடக் கழற்றாமல் தகரப் பெட்டியைத் திறந்து, பழைய நூல்களையெல்லாம் வாரி மேசைமேல் போட்டாள். அடியில் ஒரு நீல வெல்வெட் பை இருந்தது. ஆண்கள் காலைத் தொழுகையில் கட்டிக்கொள்ளும் வார்ப்பெட்டிகளை வைக்கும் பை. ஓரத்தில் மாதுளம்பூத் தையல். கல்யாணத்துக்கு முன் நெஹமா ஸெலிக்குக்காகத் தைத்தது.

நெஹமா அதை வெகுநேரம் பார்த்தாள்.

"ஒரு பொம்பளை கொண்டாந்தா" என்றாள் ஹிண்டே. "டோபான்னு பேரு. எல்லைக்கு அந்தாண்ட ஒரு ஸ்டேஷன்ல, டைஃபாய்டு வண்டியில, செத்தவங்களைக் குளிப்பாட்டுற வேலை. இவன் அவகிட்ட ரெண்டு நாள் பேசியிருக்கான். விலாசம் சொல்லி, இதைக் குடுத்திருக்கான். அவ கையாலதான் குளிப்பாட்டி அடக்கம் பண்ணினா."

"எப்ப வந்தா?"

"நீ தண்ணிக்குப் போயிருந்தே."

"எப்பன்னு கேட்டேன்."

"ஒம்பது வருஷம் ஆச்சு."

பையின் மாதுளம்பூத் தையலை நெஹமா விரலால் தொட்டாள்.

"அப்ப எனக்கு இருபத்தஞ்சு வயசு" என்றாள் நெஹமா.

"ஒரு வருஷம்னுதான் நெனைச்சேன். அவ கையைப் பிடிச்சுக்கிட்டுக் கெஞ்சினேன். ஒரே ஒரு வருஷம் உயிருள்ளோர் திரியில அவன் எரியட்டும், அப்புறம் நானே சொல்றேன்னு. வருஷம் வந்துது. நீ நோட்டை விரிச்சு 'ஹிண்டேயின் மகன் ஸெலிக்'னு படிச்சே. நீ படிச்சா அவன் வாசல்ல நிக்கற மாதிரி இருக்கும். என்னால முடியலே. அடுத்த வருஷமும் முடியலே. சொல்லிட்டா நீயும் போயிடுவே, அவன் பேரைப் படிக்க ஆளே இருக்காது."

நெஹமாவின் குரல் உயரவில்லை. "சாராவை யாரும் கேக்கலேன்னு வருஷா வருஷம் ஊரையே அழ வெப்பீங்களே அத்தை. என்னை நீங்க கேட்டீங்களா?"

பையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, தையலைப் பாதியில் போட்டபடியே, பெஸ்ஸியாவின் வீட்டுக்குப் போனாள். அதன்பின் பல நாள் அந்த வாசலுக்கு வரவில்லை.

மறுநாள் காலையில் ஹிண்டே என்னையும் அழைத்துக்கொண்டு அந்த மூன்று முதியவர்களிடம் போனாள். எல்லாவற்றையும் சொன்னாள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நடுவில் இருந்தவர், "அம்மா, மத்த எந்தப் பொம்பளை சொன்னாலும் ஏத்துக்குவோம். மாமியார் வார்த்தை மட்டும் இதுல செல்லாது. புருஷன் உயிரோட இருக்கும்போதே வேற கல்யாணம் பண்ண வெச்சு, மருமகளைக் கெடுக்க நெனைச்சுச் சொல்லலாம்னு சட்டம் சந்தேகப்படுது" என்றார். பையும் போதாது, பையைத் திருடலாம், கண்டெடுக்கலாம்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டாள். "ஒம்பது வருஷம் பொய் சொன்னேன், ஊரே நம்புச்சு. இன்னிக்கு ஒரு நாள் உண்மை சொல்றேன், சட்டமே நம்பலே" என்றாள். பிறகு, "தப்பா எழுதலே வாத்தியாரே, என்னை மாதிரி ஒருத்தியைப் பார்த்துட்டுத்தான் எழுதியிருக்காங்க" என்றாள்.

மெழுகு அனுப்பியவள் யார் என்பது அவள் சொல்லி அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. டோபா யிமியான்போவில் ஒரு தேனீக்காரனை மணந்து குடியிருந்தாள். அந்த ஆண்டு மெழுகு வரவில்லை. வெள்ளத்தில் தண்டவாளம் அரித்துப்போய், சரிசெய்த பிறகும் கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து வண்டி பகலில் மட்டுமே ஓடியது. முந்தின வாரம்கூட ஒரு வண்டியைத் தடம்புரட்டியிருந்தார்கள். டோபா உயிரோடு இருக்கிறாளா என்றே தெரியாது.

புத்தாண்டின் இரண்டு நாளும் ஹிண்டே தொழுகைக்கூடத்தின் பெண்கள் மாடத்தில் ஒரு கோடியிலும் நெஹமா மறுகோடியிலும் நின்றார்கள். மூன்றாம் நாள் காலையில் ஹிண்டே ரொட்டியும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு, டோபாவைத் தேடி ரயிலடிக்குக் கிளம்பினாள். நான் துணைக்கு வருகிறேன் என்றேன்.

"நீங்க வேணாம். கொள்ளைக்காரன் வந்தா அவனுக்கும் கதை சொல்ல ஆரம்பிச்சுடுவீங்க."

இரண்டு நாள் செய்தி இல்லை. நெஹமா பெஸ்ஸியா வீட்டு ஜன்னலில் தைத்துக்கொண்டிருந்தாள். தண்டவாளப் பக்கம் ஊதல் கேட்டால் அவள் கால் தையல் இயந்திரத்தின் மிதியில் நின்றுவிடும். "வந்துடுவா. அவகிட்டப் பேரம் பேசி ஜெயிக்கற கொள்ளைக்காரன் இன்னும் பொறக்கலே" என்றாள் பெஸ்ஸியா. சொல்லிவிட்டு அவளே வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் மதியம் ஹிண்டே வந்தாள். ஒரு கையில் மெழுகுக் கட்டி. மறு கையில், பிடித்த பிடியை விடாமல், தேன் வாசனையும் புகை வாசனையுமாக ஒரு குட்டையான பெண்மணி. டோபா முற்றத்தில் நின்று நெஹமாவைப் பார்த்தாள்.

"ஒவ்வொரு வருஷமும் மெழுகு அனுப்புவேன். இந்தத் தடவையாவது சொல்லியிருப்பான்னு நெனைப்பேன்" என்றாள். "நானும் வாயை மூடிக்கிட்டுத்தானே இருந்தேன். பெத்தவ கெஞ்சினா என்ன பண்றதுன்னு தெரியலேம்மா."

"கடைசியில என்ன பேசினான்?" என்றாள் நெஹமா.

"உங்க அப்பா அம்மா முந்தின வண்டியில ஏறிட்டாங்கன்னு. அதைச் சொல்லித்தான் சிரிச்சான்."

முதியவர்கள் டோபாவை ஒரு மணி நேரம் விசாரித்தார்கள். அவன் இடது புருவத்துத் தழும்பைக்கூட அவள் சொன்னாள். நெஹமாவின் கையில் விடுதலைச் சீட்டைக் கொடுத்தார்கள். காலம் கடந்து வந்த சாவுச் செய்திக்கு எங்கள் வழக்கத்தில் ஏழு நாள் துக்கம் இல்லை. ஒரு மணி நேரம்தான். அந்த ஒரு மணி நேரத்தை ஹிண்டே ஒன்பது ஆண்டுகளாகத் தனக்குக் கொடுத்துக்கொள்ளவில்லை. அன்று காலணியைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். சிறிது நேரம் கழித்து நெஹமா வந்து, சற்றுத் தள்ளி, அவளும் உட்கார்ந்தாள். மணி முடிந்ததும் நெஹமா எழுந்து போய்விட்டாள்.

பாவமன்னிப்பு நாளுக்கு முந்தின நாள் காலையில் பெண்கள் ஹிண்டேயின் வீட்டில் கூடினார்கள். மெழுகு உருக்கும் அடுப்பைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வெள்ளைத் துணி விரித்த மேசையின் இடப்பக்கம் உயிருள்ளோர் திரி, வலப்பக்கம் இறந்தோர் திரி. நோட்டு நடுவில் கிடந்தது. படிக்க ஆள் இல்லை. பெஸ்ஸியா என்னைப் பார்த்தாள்; ஆண் படிப்பது வழக்கமில்லை. ஹிண்டே நூலை மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்திருந்தாள்.

நெஹமா வந்தாள். "படிக்கத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு நோட்டை எடுத்தாள்.

முதலில் உயிருள்ளவர்கள். பெஸ்ஸியா, அவள் பிள்ளைகள், தெருவில் உள்ளவர்கள், பிரிந்து தூர ஊர்களுக்குப் போனவர்கள். ஹிண்டே ஒவ்வோர் இழையாக அடுக்கினாள். மேற்கே போன மகனுக்காக ஒருத்தி அழுதாள். பக்கம் திரும்பியது. நெஹமாவின் குரல் நின்றது. பன்னிரண்டு ஆண்டுப் பழக்கத்தில் உதடு தானாகத் திறந்தது.

"ஹிண்டேயின் மகன் ஸெலிக்."

ஹிண்டேயின் கையில் இழை இருந்தது. இடப்பக்கம் நீண்ட கை அங்கே நின்றது.

"இல்லே. அவனை என் பேரால கூப்பிடாதே. அவன் அப்பன் பேரால கூப்பிடு."

நெஹமா பேனாவை எடுத்து ஒரு வரியை அடித்து, எதிர்ப்பக்கத்தில் எழுதினாள். பிறகு படித்தாள்.

"கல்மனின் மகன் ஸெலிக்."

ஹிண்டே இழையை வலப்பக்கம் கொண்டுபோனாள். அது சுருண்டது, படியவில்லை. நெஹமா நோட்டைக் கீழே வைத்துவிட்டு, இழையின் மறுமுனையைப் பிடித்து நேராக்கினாள். இருவரும் சேர்ந்து அதை மற்ற இழைகளோடு படுக்கவைத்தார்கள்.

வழக்கமான வேண்டுதலை ஹிண்டே சொல்லவில்லை. இழையின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு பேசினாள்.

"சாரா தாயே, என்னை யாரும் கேக்கலே. நானும் இந்தப் பொண்ணைக் கேக்கலே. என் பிள்ளையைப் போக விடறதுக்குப் பயந்து, இவ வழியை மறிச்சு ஒம்பது வருஷம் நின்னேன். இப்ப விலகுறேன். இவ போகட்டும். போற இடத்துல இவ வீட்டுத் தொட்டில் சும்மா இருக்கக் கூடாது."

நெஹமா நோட்டை அருகில் இழுத்தாள். அதைத் திருப்பி ஒரு வெற்றுப் பக்கத்தை எடுத்தாள்.

"இதையும் எழுதட்டுமா அத்தை?"

"எழுது. என் பேரைப் போட்டே எழுது. அடுத்த வருஷம் நீ இருக்கமாட்டே. படிக்கறவ யாரோ, கேக்கறவ யாரோ. எல்லாரும் கேக்கட்டும்."

நெஹமா பேனாவை மையில் தோய்த்தாள்.